இழுவை குறைந்த எஞ்சின்: ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் பார்க்கவேண்டியவை

போன பங்குனியில் மயிலிட்டியில் இருந்து ஒரு அக்கா தொலைபேசி எடுத்தார். "தம்பி, போட் முந்தி மாதிரி இழுக்குதில்லை. ஹெட் கழட்ட வேணும், றிங் மாத்த வேணும் எண்டு சொல்லினம். நாலு லட்சத்துக்குக் கிட்ட முடியுமாம். ஒருக்கா வந்து பாருங்கோ" என்றார்.

அது 28 அடி நீளமான, நடுவில் டீசல் எஞ்சின் பூட்டிய படகு. எங்கள் ஆட்கள் மூன்றரைத் தொன் போட் என்று சொல்லும் வகை. அக்காவின் கணவர் 2009 இல் காணாமல்போனவர். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. இருந்த நகையை ஈடுவைத்து, மிகுதிக்குக் கடன் எடுத்துத்தான் அந்தப் படகை வாங்கியிருந்தார். மகனும் மருமகனும் தொழிலுக்குப் போகிறார்கள். இன்னும் நாலு லட்சம் என்றால், அந்த வீட்டில் ஈடுவைக்க மிஞ்சியிருந்தது காணி உறுதி மட்டும்தான்.

இதே கதையோடு வருடத்துக்குப் பல படகுகளைப் பார்க்கிறேன். பெரும்பாலானவற்றில் எஞ்சினின் உள்ளுறுப்புகள் நன்றாகத்தான் இருக்கும். இழுவை போனதற்குக் காரணம் எஞ்சினுக்கு வெளியே இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு ஒழுங்கு உண்டு. செலவில்லாததில் தொடங்கிச் செலவு கூடியதில் முடிப்பது என்பதுதான் அந்த ஒழுங்கு. படகு வைத்திருப்பவர்கள், குறிப்பாகத் தாங்கள் கடலுக்குப் போகாமல் ஆட்களை நம்பித் தொழில் செய்யும் பெண்கள், மெக்கானிக்கோடு பேசும்போது கையில் ஏதாவது இருக்கவேண்டும் என்பதற்காக அதை இங்கே எழுதுகிறேன்.

முன்பு இந்த அறிவு எழுதாமலே கைமாறியது. மயிலிட்டி வடக்கின் பெரிய மீன்பிடித் துறைகளில் ஒன்று. தகப்பன் காதால் கேட்டதை மகன் காதால் கற்றான். 1990 ஜூனில் இடம்பெயர்ந்து, 2017 ஜூலையில் துறைமுகம் விடுவிக்கப்படும்வரை 27 வருடம் அந்தக் கரை எங்களிடம் இல்லை. அந்த இடைவெளியில் தெரிந்தவர்கள் சிலர் இறந்துபோனார்கள், சிலர் வெளிநாடு போனார்கள். திரும்பி வந்தவர்களில் பலர் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் வளர்ந்தவர்கள். எஞ்சினின் சத்தத்தைப் பழக அவர்களுக்குக் கரை கிடைக்கவில்லை. ஆகவே இனி எழுதித்தான் வைக்கவேண்டும்.

மெல்லக் குறைவதற்கும் திடீரென்று போவதற்கும் உள்ள வேறுபாடு

ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் ஒரே நாளில் இழுவை இழந்தால் ஏதோ உடைந்திருக்கிறது, கழன்றிருக்கிறது, அல்லது புரொப்பலரில் ஏதோ சுற்றியிருக்கிறது. அதைத் தேடுவது இலகு. மாதக்கணக்கில் குறைந்து வந்தால் ஏதோ படிகிறது, அடைக்கிறது, தேய்கிறது. இதில் உள்ள ஆபத்து, அது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு நாளும் ஓடுபவர் அதற்குப் பழகிவிடுவார். நேற்றைக்கும் இன்றைக்கும் வேறுபாடு இருக்காது. போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் இருக்கும்.

கணக்குப் பார்த்தால் விளங்கும். வலை விடும் இடம் 14 கடல் மைல் என்று வைப்போம். மணிக்கு 7 கடல் மைல் போகும் படகு 2 மணித்தியாலத்தில் சேரும். அதே படகு 5.5 இல் போனால் இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல். போய்வர ஒரு மணித்தியாலம் கூடுதல். 30 குதிரைவலு எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு ஐந்து, ஆறு லீற்றர் டீசல் குடிக்கும். மாதத்துக்கு 20 நாள் தொழில் என்றால் நூறு லீற்றருக்கு மேல் சும்மா போகிறது.

எரிபொருள் நட்டம் சிறியது. அமைதியான கடலில் பாதி இழுவையோடும் கரைக்கு வந்துவிடலாம். வாடைக் காற்று எழும்பிய நாளில், நீரோட்டத்துக்கு எதிரே, அந்தக் குறைந்த பாதிதான் உயிர். எல்லை தாண்டி வரும் இழுவைப்படகுகளைக் கண்டு வலையை அவசரமாக ஏற்றிக்கொண்டு விலகவேண்டிய இரவிலும் அப்படித்தான்.

முதலில் அளவெடுங்கள்

ஒரு திருகாணியைத் தொடுவதற்கு முன் மூன்று எண்களை எடுக்கவேண்டும்.

ஒன்று, கியர் நியூட்ரலில் இருக்கும்போது திறொட்டிலை முழுவதும் திறந்தால் எஞ்சின் எத்தனை சுற்று ஓடுகிறது. சில விநாடிகள் போதும், நீண்டநேரம் அப்படி ஓட்டவேண்டாம். இரண்டு, கடலில் கியர் போட்டு முழுத் திறொட்டிலில் எத்தனை சுற்று. மூன்று, அப்போது படகின் வேகம் எவ்வளவு.

பழைய படகுகளில் சுற்றுமானி பெரும்பாலும் செத்துப்போயிருக்கும். சில ஆயிரம் ரூபாய்க்குக் கையில் பிடிக்கும் லேசர் மானி கிடைக்கிறது. எஞ்சின் முன் புலியில் ஒரு துண்டு மினுக்கு ரேப் ஒட்டிவிட்டு அளக்கலாம். வேகத்துக்குப் படகில் இருக்கும் ஜிபிஎஸ் போதும். ஆனால் நீரோட்டம் ஏமாற்றும். ஒரே கோட்டில் போகும்போதும் திரும்பி வரும்போதும் அளந்து சராசரி எடுக்கவேண்டும். போகும்போது 4.9, வரும்போது 5.9 என்றால் உண்மையான வேகம் 5.4.

எஞ்சினின் தகட்டில் அல்லது கைநூலில் அதன் முழுச்சுமைச் சுற்று எழுதியிருக்கும். 2600 என்று எழுதியிருந்தால், வழக்கமான சுமையோடு முழுத் திறொட்டிலில் கிட்டத்தட்ட அந்த எண் வரவேண்டும். இந்த எண்களை வைத்து நான்கு நிலைகளைப் பிரிக்கலாம்.

நியூட்ரலிலேயே சுற்று ஏறவில்லை என்றால் திறொட்டில் கேபிளைப் பாருங்கள், அல்லது எரிபொருள் கடுமையாக அடைபட்டிருக்கிறது.

நியூட்ரலில் ஏறுகிறது, சுமையில் ஏறவில்லை, கரும்புகை வருகிறது என்றால் காற்றுப் போதாது, புகை வெளியேற வழியில்லை, இன்ஜெக்டர் சரியாகத் தூவவில்லை, அல்லது சுமை கூடிவிட்டது.

நியூட்ரலில் ஏறுகிறது, சுமையில் ஏறவில்லை, புகையும் இல்லை என்றால் போதிய டீசல் போகவில்லை.

சுமையிலும் சுற்று வருகிறது, படகு மட்டும் போகவில்லை என்றால் எஞ்சினை விட்டுவிடுங்கள். கியர்பொக்ஸ் வழுக்குகிறது, அல்லது புரொப்பலர் கெட்டிருக்கிறது.

இதில் புகை சொல்வதை மனதில் வைத்திருந்தால் பாதித் தேடல் முடிந்துவிடும். கரும்புகை என்பது இருக்கும் காற்றால் எரிக்கமுடியாத டீசல். புகையில்லாத பலவீனம் என்பது வந்து சேராத டீசல். நீலப்புகை என்றால் ஒயில் எரிகிறது. சூடேறிய பிறகும் டீசல் மணத்தோடு வெண்புகை வந்தால் எரியாத டீசல் வெளியே போகிறது. புகைக்குழாய்க்குள் கடல்நீர் விடும் எஞ்சினில் கொஞ்சம் நீராவி எப்போதும் வரும். அது மணக்காது, உடனே கரையும். அதைப் புகை என்று நினைக்கவேண்டாம்.

கேபிள்

கேபிளைப் பார்ப்பதற்குச் செலவில்லை. ஒருவர் திறொட்டில் கைபிடியை முழுவதும் தள்ளட்டும். மற்றவர் எஞ்சின் பக்கம் நின்று, பம்பில் உள்ள நெம்புகோல் அதன் நிறுத்துத் திருகாணியில் போய் முட்டுகிறதா என்று பார்க்கட்டும். உப்பில் கேபிள் இறுகும், உறை இழுபடும், பிடிப்புக் கழன்று நகரும். கைபிடி முழுவதும் போனாலும் நெம்புகோல் முக்கால்வாசிதான் போயிருக்கும். இதைப் பாராமல் பம்பைக் கழற்றி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். நெம்புகோலில் ஈய முத்திரையிட்ட திருகாணி இருந்தால் அதைத் தொடவேண்டாம். அது டீசல் அளவின் உச்ச எல்லை. அதைத் திருகி இழுவை எடுத்தால் எஞ்சினின் ஆயுளை எடுக்கிறீர்கள்.

படகின் அடியும் புரொப்பலரும்

கரையில் கட்டிக் கிடக்கும் படகின் அடியில் சில மாதங்களிலேயே பாசியும் சிப்பியும் பிடித்துவிடும். அது எஞ்சினுக்குக் கூடுதல் சுமை. புரொப்பலரில் பிடித்த சிப்பி இன்னும் மோசம். சிறு பரப்புத்தான், ஆனால் அந்தப் பரப்புத்தான் தண்ணீரைப் பிடித்துத் தள்ளுகிறது. ஒருவர் முக்குளித்துப் பார்த்தால் போதும். இலைகளில் ஒன்று வளைந்திருக்கிறதா, விளிம்பு அரிபட்டிருக்கிறதா, தங்கூசியோ கயிறோ ஷாப்டில் சுற்றி இறுகியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இறங்குவதற்கு முன் எஞ்சினை நிறுத்தி, சாவியை இறங்குபவரே கையில் வைத்திருக்கவேண்டும்.

பிறகு நியூட்ரலில் ஷாப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஒரேமாதிரி இலகுவாகச் சுற்றவேண்டும். ஒரு இடத்தில் இறுகினால் ஷாப்ட் வளைந்திருக்கிறது, அல்லது எஞ்சின் மவுண்ட் றப்பர் அமுங்கி எஞ்சின் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. கியர்பொக்ஸ் தட்டையும் ஷாப்ட் தட்டையும் பிரித்துக் கிட்ட வைத்து, நாலு பக்கமும் இடைவெளியைத் தகட்டு அளவியால் பாருங்கள். 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள தட்டில் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் வேறுபாடு 0.1 மில்லிமீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது. இதைப் படகு தண்ணீரில் நிற்கும்போதுதான் செய்யவேண்டும். கரையில் ஏற்றிய படகு தாங்கிகளில் வளைந்து பொய்க்கணக்குக் காட்டும்.

கியர்பொக்ஸ் வழுக்குவதைப் பிடிக்கவும் அந்த லேசர் மானியே போதும். இரண்டுக்கு ஒன்று கியர் என்றால் எஞ்சின் 2400 ஓடும்போது ஷாப்ட் 1200 ஓடவேண்டும். 1050 தான் வருகிறது என்றால் கிளச் தட்டு வழுக்குகிறது. அப்போது கியர் ஒயில் கருகி மணக்கும்.

புரொப்பலர் மாற்றியபிறகுதான் இழுவை போனது என்றால் அது நோயல்ல, பொருத்தம் பிழை. பழைய இரும்புக் கடையில் கிடைத்ததைப் போட்டிருப்பார்கள். விட்டமோ இலையின் சரிவோ கூடினால் எஞ்சின் எப்போதும் மேட்டில் ஏறும் லொறி மாதிரி மூச்சிரைக்கும். புரொப்பலர் நடுவில் பொறித்திருக்கும் இரண்டு எண்களைக் கொப்பியில் எழுதிவையுங்கள். சுமையையும் மறக்கவேண்டாம். ஐஸ்பெட்டி பெரிதாகியிருக்கும், வலை கூடியிருக்கும், பழைய பைபர் அடித்தளத்துக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். படகு அதே படகு என்று நினைப்போம். நிறை அதே நிறையாக இருக்காது.

டீசல் வரும் வழி

கரும்புகை இல்லாமல் இழுவை குறைந்தால் இங்கே தேடுங்கள். இதற்கு மிக நல்ல சோதனை ஒரு கான் டீசல்தான். சுத்தமான டீசல் உள்ள ஒரு கானை எஞ்சினுக்குக் கொஞ்சம் மேலே கட்டி, தனிக் குழாய் ஒன்றால் எஞ்சினின் ஊட்டுப்பம்புக்குக் கொடுங்கள். திரும்பி வரும் குழாயையும் அந்தக் கானுக்குள்ளேயே விடுங்கள். கடலில் முழுத் திறொட்டிலில் ஓட்டிப் பாருங்கள். இழுவை திரும்பி வந்தால் குறை தாங்கிக்கும் எஞ்சினுக்கும் இடையில் உள்ளது. வராவிட்டால் எஞ்சின் பக்கத்துப் பில்டர், ஊட்டுப்பம்பு, இன்ஜெக்டர் பம்பு என்று முன்னே போங்கள்.

தாங்கிப் பக்கம் என்றால் முதலில் மூடியைத் திறந்துவைத்து ஓட்டிப் பாருங்கள். இழுவை வந்தால் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. உப்பும் குளவிக் கூடும் அந்தச் சிறு துளையை மூடிவிடும். டீசல் வெளியே போகப் போக உள்ளே காற்று வரவேண்டும், வராவிட்டால் பம்பு இழுத்துக் களைக்கும். அடுத்தது தண்ணீர் பிரிக்கும் பில்டர். அடியில் உள்ளதை ஒரு போத்தலுக்குள் வடித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். தண்ணீர் கீழே நிற்கும். கறுப்புச் சளி மாதிரி ஏதாவது மிதந்தால் அது டீசலுக்கும் தண்ணீருக்கும் இடையில் வளரும் கிருமி. பில்டரை மட்டும் மாற்றிப் பயனில்லை. தாங்கியைக் கழுவவேண்டும்.

குழாய் இணைப்பு எங்காவது நெகிழ்ந்திருந்தால் அதனால் டீசல் ஒழுகாது. காற்று உள்ளே போகும். இழுக்கும் பக்கத்துக் குழாயில் ஒரு அடி நீளத்துக்குத் தெளிந்த பிளாஸ்ரிக் குழாய் போட்டுப் பாருங்கள். குமிழி ஓடினால் காற்றுப் புகுகிறது.

ஒரு பழக்கத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 1990 களில் பொருளாதாரத் தடை இருந்தபோது, காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் நாங்கள். மண்ணெண்ணெயோடு ஒயில் கலந்து டீசல் எஞ்சினையும் ஓட்டினோம். அது அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது. தடை போனபிறகும் மண்ணெண்ணெய் மலிவு என்பதால் கலக்கும் வழக்கம் சிலரிடம் நின்றது. 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய்க்கு ஏறிய பிறகும் அதை விடாதவர்களைக் கண்டிருக்கிறேன். டீசல் பம்பின் உள்ளே உராயும் பாகங்களுக்கு டீசல்தான் ஒயில். அவற்றின் இடைவெளி ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் சில பங்குதான். மண்ணெண்ணெய் அதைக் காக்காது. தேய்ந்த பம்பில் அழுத்தம் குறையும். அதுவும் மெல்ல மெல்லத்தான் நடக்கும். ஒரு லீற்றரில் உள்ள சக்தியும் டீசலை விடக் குறைவு.

காற்று

எஞ்சின் டீசலை மட்டும் குடிப்பதில்லை. ஒன்றரை லீற்றர் கொள்ளளவுள்ள சாதாரண எஞ்சின் 2600 சுற்றில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2000 லீற்றர் காற்றை இழுக்கிறது. அவ்வளவு காற்று எஞ்சின் பெட்டிக்குள் வரவேண்டும். நாங்களோ மழைக்கும் கடல்நீருக்கும் பயந்து பெட்டியைத் தறப்பாளால் மூடி, மேலே வலையைப் போட்டு, பக்கத் துளைகளில் பழைய சாக்கை அடைத்து வைக்கிறோம்.

சோதனை எளிது. முழுத் திறொட்டிலில் ஓடும்போது சுற்றை அளவுங்கள். எஞ்சின் பெட்டி மூடியைத் திறந்து மறுபடி அளவுங்கள். ஐம்பது சுற்றாவது கூடினால் பெட்டிக்குள் காற்றுப் போதாது. ஓடும் பெல்டுக்குக் கிட்டத் துணியோ தலைமயிரோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு எஞ்சினின் காற்றுப் பில்டரைக் கழற்றிப் பாருங்கள். ஒயில் புகை பட்டுக் கறுத்துப் பிசுபிசுத்திருந்தால் மாற்றவேண்டியதுதான்.

புகை போகும் வழி

உள்ளே வந்த காற்று வெளியேயும் போகவேண்டும். எஞ்சினில் இருந்து வரும் சூடான புகையோடு கடல்நீர் கலக்கும் வளைவுக் குழாயை எல்போ என்பார்கள். எங்கள் தொழிலில் வலையை ஏற்றும்வரை எஞ்சின் மணிக்கணக்கில் மெதுவாக ஓடிக்கொண்டு நிற்கும். அப்போது எரிவு சூடாகாது, கரி படியும். கரியும் உப்பும் துருவும் சேர்ந்து எல்போவின் உள்வழியைச் சுருக்கிக்கொண்டே வரும். வெளியே பார்த்தால் குழாய் அதே குழாய். உள்ளே ஒரு விரல் போகும் வழிதான் மிஞ்சியிருக்கும்.

நாலு போல்டையும் ஒரு கெஸ்கட்டையும் கழற்றினால் கண்ணால் பார்த்துவிடலாம். கரியைச் சுரண்டி எடுக்கலாம். ஆனால் சுவர் மெலிந்திருந்தால் சுத்தம் செய்து போடவேண்டாம், புதிதாக மாற்றுங்கள். துருப்பிடித்து ஓட்டை விழுந்த எல்போ வழியே கடல்நீர் பின்னோக்கி சிலிண்டருக்குள் போனால் அன்றோடு எஞ்சின் முடிந்தது. ஒரு எல்போவின் விலையில் ஒரு எஞ்சினைக் காப்பாற்றலாம்.

சூடு

சூடு கூடினாலும் இழுவை குறையும். சாதாளையும் சொறியும் கடல்நீர் எடுக்கும் துளையை அடைக்கும். பம்புக்குள் இருக்கும் றப்பர் இம்பெல்லரின் சிறகுகள் ஒன்றிரண்டு உடையும். உடைந்த துண்டு காணாமல்போவதில்லை. முன்னால் உள்ள குழாயில் எங்கோ இறுகி நிற்கும். அதைத் தேடி எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டுப் பயனில்லை. பின்பக்கம் விழும் தண்ணீரின் அளவைத் தினமும் பார்ப்பவருக்குச் சூட்டுமானியே தேவையில்லை.

கடைசியாக எஞ்சினுக்குள்

இவ்வளவும் பார்த்து ஒன்றும் அகப்படவில்லை என்றால்தான் ஸ்பானரை எஞ்சினுக்குள் விடவேண்டும். அதிலும் வரிசை உண்டு. முதலில் வால்வு இடைவெளி. கைநூலில் சொன்ன அளவுக்கு, அது சொன்னபடி எஞ்சின் ஆறியிருக்கும்போதோ சூட்டிலோ சரிசெய்யவேண்டும். அடுத்தது இன்ஜெக்டர். எஞ்சின் மெதுவாக ஓடும்போது ஒவ்வொரு இன்ஜெக்டரின் குழாய் நட்டையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சற்று நெகிழ்த்தி இறுக்குங்கள். நல்ல சிலிண்டர் என்றால் சத்தம் உடனே மாறும். நெகிழ்த்தியும் மாறவில்லை என்றால் அந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை. டீசல் பீறும் அழுத்தம் தோலைத் துளைக்கும். துணியால் மூடி, முகத்தையும் கையையும் விலக்கித்தான் செய்யவேண்டும். கணினி கட்டுப்படுத்தும் புது வகை எஞ்சின்களில் இதைச் செய்யவே கூடாது. கழற்றிய இன்ஜெக்டரை மேசைப் பம்பில் அழுத்தம் பார்த்துச் சரிசெய்வது ஹெட் வேலையோடு ஒப்பிட்டால் சிறு செலவு.

றிங் தேய்ந்த எஞ்சின் அதை மறைக்காது. காலையில் ஸ்டார்ட் எடுக்கக் கஷ்டப்படும், ஒயில் குறையும், நீலப்புகை விடும். ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குப்குப் என்று ஊதும். இவை ஒன்றும் இல்லாமல் யாராவது றிங் போய்விட்டது என்றால், கொம்பிறஷன் அளந்து காட்டும்படி கேளுங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் எண் எழுதித் தரச்சொல்லுங்கள். கேட்பது குற்றமல்ல. நல்ல மெக்கானிக் கோபிக்கவும் மாட்டார்.

அக்காவின் படகு

அன்றைக்கு நான் எடுத்த எண்கள் இவை. சுமையில் 2050 சுற்று, வேகம் 5.4. புகை அதிகம் இல்லை. நியூட்ரலில் 2300 தான் ஏறியது. எஞ்சினின் தகட்டில் 2600 என்று இருந்தது. அடிப்பக்கம் தை மாதத்தில்தான் சுரண்டிப் பெயின்ற் அடித்திருந்தார்கள். காலையில் ஒரே சுற்றில் ஸ்டார்ட் எடுத்தது. ஒயில் மூடியைத் திறந்தால் ஊதவில்லை.

முதலில் அகப்பட்டது கேபிள். பம்பின் நெம்புகோல் முட்டவேயில்லை. சரிசெய்ததும் நியூட்ரலில் 2800 வந்தது. சுமையில் 2200, ஆனால் இப்போது கரும்புகை. கூடுதல் டீசல் போகிறது, எரிக்கக் காற்றில்லை என்று அர்த்தம். பெட்டி மூடியைத் திறந்தேன், 2280. பக்கத் துளை இரண்டிலும் சாக்கு. எல்போவைக் கழற்றினேன். உள்வழியில் பாதிக்கு மேல் கரி. சுவர் தடிப்பாகவே இருந்ததால் சுரண்டித் துப்புரவாக்கிப் புதுக் கெஸ்கட் போட்டோம். மாலையில் ஓட்டிப் பார்த்தபோது 2550 சுற்று, 6.7 கடல் மைல், புகை இல்லை.

கெஸ்கட்டும் கேபிள் பிடிப்பும் என் கூலியும் சேர்த்து அவருக்குச் சில ஆயிரம்தான் முடிந்தது. மெல்ல வரும் நோய்க்கு ஒரே காரணம் இருக்கும் என்று எண்ணவேண்டாம். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று மூன்று இடத்தில் களவு போயிருந்தது. ஒன்றைக் கண்டதும் நின்றுவிட்டிருந்தால், அதுவும் முதலில் கரும்புகையை வரவைத்ததைப் பார்த்துப் பயந்திருந்தால், நானும் ஹெட்டைத்தான் கழற்றியிருப்பேன்.

போகும்போது அந்த மகனிடம் ஒரு கொப்பி கொடுத்தேன். மாதத்துக்கு ஒருநாள், ஒரே அளவு சுமையோடு, முழுத் திறொட்டிலில் போகவர அளந்து திகதி, சுற்று, வேகம், புகையின் நிறம், ஊற்றிய ஒயில் என்று ஐந்து விடயம் எழுதச் சொன்னேன். பில்டர் மாற்றிய நாளும், அடி சுரண்டிய நாளும், புரொப்பலரின் எண்ணும் அதில் இருக்கவேண்டும். மாதம் பத்து நிமிட வேலை. சுற்றில் நூறு குறைந்தால் அந்த மாதமே தெரியும். காரணம் அப்போது சிறியதாக இருக்கும்.

"இதை ஆர் அண்ணை பாக்கப் போறது?" என்று கேட்டான்.

"உன்ர அம்மா பாப்பா" என்றேன்.

இரண்டு மாதம் கழித்து வேறு வேலையாக மயிலிட்டிக்குப் போனபோது அக்கா கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். சித்திரையில் 2550, வைகாசியில் 2500. எழுத்து அவருடையது. "அம்பது குறைஞ்சிருக்கு, சோளகம் எழும்பினதாலயோ அல்லாட்டி அடி பாசி பிடிச்சிட்டுதோ?" என்று கேட்டார். எஞ்சினை ஒருநாளும் ஓட்டாத ஒருவரிடமிருந்து வந்த சரியான கேள்வி அது. அடியைப் பார்க்கச் சொல்லிவிட்டு வந்தேன்.